ஸ்லோ குக்கர் போர்க் சாப்ஸ்: சாஸ் பிரமாதம், கறி மட்டும் ஏன் சக்கை?

கேள்வி, ஜனவரி 12

எலும்பில்லாத போர்க் சாப்ஸ், அதாவது பன்றிக்கறி, ஆறு துண்டு. சோயா சாஸ், பிரவுன் சுகர், கெட்சப், பூண்டு. காலையில் ஸ்லோ குக்கரில், அதாவது மெதுவாக வேகவைக்கும் மின்பானையில், 'லோ' (மெதுவான) அமைப்பில் போட்டுவிட்டு வேலைக்குப் போய், எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன். வீடெல்லாம் மணம். சாஸைத் தனியாகக் கரண்டியில் எடுத்துக் குடிக்கலாம், அவ்வளவு நன்றாக இருந்தது. கறி மட்டும் வாயில் பஞ்சு மாதிரி. மெதுவாக வேகவைத்தால் எந்தக் கறியும் பூவாகிவிடும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? சாஸ் போதவில்லையா?

பதில், ஜனவரி 12, இரவு

சாஸ் மேல் பழி போடாதீர்கள். குற்றவாளி அந்த எட்டு மணி நேரம். உடந்தை நீங்கள் வாங்கிய துண்டு. எலும்பில்லாத சாப்ஸ் என்று விற்பது பெரும்பாலும் முதுகுக்கறி. அந்தத் தசைக்குப் பன்றியின் உடம்பில் பெரிதாக வேலை கிடையாது. அதனால் கொழுப்பும் குறைவு, சவ்வும் குறைவு. சீக்கிரம் வெந்துவிடும். வெந்த பிறகு ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டக் கணக்குதான்.

நான் முதல்முறை செய்தபோதும் இதே கதை. விருந்துக்கு வந்தவர்கள் சாஸை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கறியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள். ஒருவர் மட்டும் முழுதாகச் சாப்பிட்டார். அவருக்கு நல்ல பசி.

அடுத்த முறை 'லோ'வில் நாலு மணி நேரம் மட்டும் வையுங்கள். சரியாக வரும்.

ஜனவரி 13, காலை

"தண்ணிக்குள்ளேயே கிடக்கிற கறி எப்படி வறண்டு போகும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். வறளுவதாகத் தெரிந்தால் இன்னும் அரை கப் தண்ணீர் ஊற்றுவேன். பயனில்லை.

ஈரத் துணியை ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்தே முறுக்கிப் பாருங்கள். முறுக்கிப் பிடித்திருக்கும் வரை வாளியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் துணிக்குள் திரும்பாது. கறியும் அப்படித்தான். சுமார் 50 டிகிரி செல்சியஸில் தசை நார் சுருங்க ஆரம்பிக்கிறது, 65ஐத் தாண்டினால் சுருக்கம் வேகமெடுக்கிறது. தன் சாற்றைத் தானே பிழிந்து சாஸுக்குள் விட்டுவிடுகிறது. உங்கள் சாஸ் அவ்வளவு ருசியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். கறியில் இருக்க வேண்டியது அங்கே போய்விட்டது.

சந்தேகத்துக்கு ஒருமுறை எடை போட்டேன். 980 கிராம் முதுகுக்கறி உள்ளே போனது. எட்டு மணி நேரம் கழித்து சாஸை வடித்துத் தராசில் வைத்தால் 655 கிராம். மூன்றில் ஒரு பங்கு பானையின் அடியில் நின்றது.

தோள்கறி கதை வேறு. அதுவும் தண்ணீரை இழக்கத்தான் செய்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் தசைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஓடும் சவ்வில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் கிடந்தால் அது மெல்ல ஜெலட்டினாக உருகி நார்களின் மேல் வழவழவென்று படிந்துகொள்கிறது. அந்த வழவழப்பைத்தான் நாக்கு 'சாறு' என்று எடுத்துக்கொள்கிறது. முதுகுக்கறியில் உருகுவதற்கே ஒன்றும் இல்லை. நேரம் கொடுத்து என்ன செய்ய?

ஜனவரி 13, இரவு

முந்தின இரவு "நாலு மணி நேரம், சரியாக வரும்" என்று எழுதியது தப்பு. இன்று தெர்மாமீட்டரோடு உட்கார்ந்தேன். இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள நாலு துண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாக, சாஸைக் கொதிக்கவைத்து மேலே ஊற்றினேன், 'லோ'. ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் துண்டின் நடு 63 டிகிரி, கறி வெந்துவிட்ட சூடு. இரண்டை எடுத்துவிட்டேன். மிச்ச இரண்டை நாலு மணி நேரம் வரைக்கும் விட்டேன். அவை பழைய பஞ்சேதான்.

சீக்கிரம் எடுத்தவை கத்தியால் அறுக்க வேண்டிய பதம். முள்கரண்டி பட்டதும் உதிரும் கறியை எதிர்பார்த்தால் அது இல்லை. ஆனால் அறுத்த இடத்தில் ஈரம் மினுங்கியது.

என் பானை கணக்கு உங்கள் பானைக்கு அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி சூடாகும். ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறை குத்திப் பாருங்கள்.

ஜனவரி 14

"இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே காவல் இருக்கணும் என்றால் ஸ்லோ குக்கர் எதற்கு?"

நியாயமான கோபம். காலையில் போட்டுவிட்டு மாலையில் சாப்பிட வேண்டுமென்றால் தோள்கறி சாப்ஸ் வாங்குங்கள். பார்த்தாலே தெரியும்: ஒரே சீரான இளஞ்சிவப்பு வட்டமாக இருந்தால் அது முதுகு. இரண்டு மூன்று தசை சேர்ந்து, நடுவே கொழுப்புக் கோடும் சவ்வும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, கொஞ்சம் அவலட்சணமாக இருந்தால் அது தோள். அவலட்சணமானதை எடுங்கள்.

ஜனவரி 15

சாஸ் அளவு கேட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ கறிக்கு நான் போடுவது: சோயா சாஸ் கால் கப், பிரவுன் சுகர் கால் கப், கெட்சப் கால் கப், வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு நாலைந்து பல், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, மிளகு. அடியில் ஒரு பெரிய வெங்காயம், தடித்த வளையமாக.

தண்ணீர் சேர்ப்பதில்லை. "ஒரு கிலோ கறிக்கு முக்கால் கப் சாஸ் எப்படிப் போதும், அடிபிடிக்காதா?" என்பார்கள். மூடி போட்ட பானையில் ஆவி வெளியே போக வழியில்லை, மூடியில் முட்டித் திரும்ப உள்ளேயே சொட்டுகிறது. போதாததற்குக் கறி தன் பங்குக்கு முன்னூறு மில்லி விடும். கடைசியில் உங்களுக்குச் சாஸ் அதிகம் என்ற பிரச்சினைதான் வரும்.

சோயா சாஸில் உப்பு எக்கச்சக்கம், தனியாக உப்பு வேண்டாம். கோதுமை ஆகாதவர்கள் புட்டியைத் திருப்பிப் படியுங்கள். வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு.

ஜனவரி 15, அரை மணி நேரம் கழித்து

கெட்டிப்படுத்துவதை விட்டுவிட்டேன். கார்ன்ஃப்ளாரை ஆரம்பத்திலேயே கலக்காதீர்கள். நான் ஒருமுறை கெட்டிக்காரத்தனமாகக் காலையிலேயே கரைத்து ஊற்றினேன், மாலையில் ரசம் மாதிரி ஓடியது. மாவு நேரமும் புளிப்பும் சேர்ந்தால் கெட்டித்தன்மையை இழந்துவிடும்.

கறியை வெளியே எடுத்து மூடிவையுங்கள். சாஸை வடிகட்டி ஒரு சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து, அடுப்பில் கொதிக்கவிடுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழி வந்து உடனே உடையும். வற்ற வற்றக் குமிழி சிறிதாகி, பளபளவென்று, உடையத் தயங்கும். அப்போது ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறினால் ஒரே நிமிஷம். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் இறக்கிவிடலாம்.

ஜனவரி 16

"பிரவுன் சுகர், கெட்சப் இரண்டுமா? கெட்சப்பே பாதி சர்க்கரைதானே?"

பாதி இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. யோசிக்கிறேன்.

ஜனவரி 18

முதலில் வாணலியில் சிவக்க வறுக்க வேண்டுமா என்ற சண்டை எதிர்பார்த்ததுதான்.

"வறுத்தால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும்" என்பது பொய். 1847இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கிளப்பிவிட்ட கருத்து. அதற்கப்புறம் எத்தனையோ பேர் வறுத்ததையும் வறுக்காததையும் எடை போட்டுப் பார்த்து அதை உடைத்தாகிவிட்டது. வறுத்த துண்டு வாணலியில் கிடந்து இரைகிறதே, அந்தச் சத்தமே சாறு வெளியே வந்து ஆவியாவதால் வருவதுதான். பூட்டியிருந்தால் சத்தம் எங்கிருந்து வரும்?

ஆனால் ருசிக்கு வறுக்க வேண்டும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் அந்த வறுவல் மணமும் தருவதை 1912இல் மெயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. சமையலறை அளவில் அது நன்றாக நடக்க 140 டிகிரி வாக்கில் வேண்டும். ஸ்லோ குக்கர் நூறைத் தாண்டாது. ஆகவே வறுக்காத கறி பானைக்குள் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் சாம்பல் நிறத்தில்தான் வெளியே வரும்.

வறுப்பதென்றால் துண்டின் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம். நகர்த்திக்கொண்டே இருக்கக் கூடாது. முதுகுக்கறி என்றால் இன்னும் சீக்கிரம், வறுக்கிற சூடும் கணக்கில் சேரும்.

ஜனவரி 19

அன்னாசி போடலாமா என்று மூன்று பேர். டின்னில் வருவதைப் போடுங்கள். பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கும் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. டின்னில் அடைக்கும்போது சூடுபடுத்துவதால் அது செயலிழந்துவிடும். பச்சைப் பழத்துண்டோடு இரவு முழுக்க ஊறவைத்த கறியை நான் பார்த்திருக்கிறேன். மேல்பாகம் கூழ், நடுவில் அதே பஞ்சு. இரண்டு தோல்வி ஒரே துண்டில்.

ஜனவரி 23

கொஞ்சம் விலகல்.

'லோ', 'ஹை' இரண்டும் வேறு வேறு சூடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல குக்கர்களில் இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது கிட்டத்தட்ட ஒரே இடம்தான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. 'ஹை' சீக்கிரம் போகும், 'லோ' ஆடி அசைந்து போகும். அதனால்தான் 'லோ' என்று வைத்துவிட்டால் முதுகுக்கறி தப்பிக்கும் என்ற நம்பிக்கை பலிப்பதில்லை. எட்டு மணி நேரத்தில் பாதி நேரத்துக்கும் மேல் அது தொண்ணூறுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

இந்தப் பானையே முதலில் கறிக்காக வந்ததில்லை. இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர் 1940இல் காப்புரிமை வாங்கினார். லித்துவேனியாவில் ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுக்க வெந்த யூதக் குடும்பங்களின் ஓய்வுநாள் உணவைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத் தோன்றிய யோசனையாம். பிற்பாடு அதற்கு 'பீனரி' என்றே பெயர், அவரைவகைப் பருப்பு வேகவைக்கும் பானை. 1970இல் ரைவல் நிறுவனம் வாங்கி, 1971இல் 'க்ராக் பாட்' என்று விற்ற பிறகுதான் அதில் கண்டதையும் போட ஆரம்பித்தோம்.

மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது நிமிஷம் பின்னுக்குப் போகும். (தெர்மாமீட்டர் குத்தச் சொன்னவனே இதையும் சொல்கிறான் என்று சிரிக்க வேண்டாம். ஒருமுறை குத்துவது வேறு, அரை மணிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பது வேறு.)

ஜனவரி 24

பருப்பு என்றதும் சிவப்பு ராஜ்மாவை இதே பானையில் சேர்த்துப் போடலாமா என்று ஒருவர். பச்சையாகப் போடவே கூடாது. அதில் இயற்கையாகவே லெக்டின் என்ற ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. கொதிக்காத மிதமான சூட்டில் அது அழியாது, வாந்தியும் பேதியும் படுத்தி எடுத்துவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிஷம் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகு பானைக்கு மாற்றுங்கள். டின்னில் வருவது ஏற்கனவே வெந்தது, பயமில்லை.

கேரட், உருளைக்கிழங்கு போடுவதானால் கறிக்கு அடியில். அவை கறியைவிட மெதுவாக வேகும், புளிப்புச் சாஸில் இன்னும் மெதுவாக.

பிப்ரவரி 2

63 டிகிரி பற்றிப் பயந்து இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். "பன்றிக்கறியில் துளி சிவப்பு இருக்கக் கூடாது என்று அம்மா சொல்வார்."

அம்மா சொன்ன காலத்துக்கு அது சரி. அமெரிக்க வேளாண் துறையே 2011 வரை 71 டிகிரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரி, அதன் பிறகு 3 நிமிஷம் அப்படியே ஆறவிட வேண்டும் என்று மாற்றியது. அரைத்த கறிக்கு இன்னும் 71தான், அதைக் குறைக்காதீர்கள். பன்றிக்கறியோடு சேர்த்துச் சொல்லப்படும் டிரிக்கினெல்லா புழு 63க்கு முன்பே செத்துவிடும். நடுவில் லேசான ரோஜா நிறம் இருந்தால் அது பச்சை என்று அர்த்தமில்லை. நிறத்தை நம்பாமல் தெர்மாமீட்டர் முள்ளை நம்புங்கள்.

நிஜமாகப் பயப்பட வேண்டியது உறைந்த கறியை அப்படியே பானையில் போடுவதற்குத்தான். உள்ளே பனி உருகி முடிப்பதற்குள் வெளிப்பக்கம் பாக்டீரியாவுக்குத் தோதான வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடக்கும். முந்தின நாளே ஃப்ரிட்ஜில் இறக்கிவையுங்கள்.

இன்னொன்று. முந்தின இரவே எல்லாம் தயார் செய்து பீங்கான் பானையோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் குளிரோடு குளிராகச் சூடான அடிப்பகுதியில் இறக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். சாஸ் மேடையெல்லாம் ஓடியது. அந்த விரிசலை இன்னும் மறக்கவில்லை. கறியைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள்.

பிப்ரவரி 8

தோள்கறி, எலும்போடு, ஒரு கிலோ இருநூறு கிராம். 'லோ'வில் ஏழு மணி நேரம். பாதித் துண்டுகளை வறுத்தேன், பாதியை வறுக்கவில்லை. அடையாளத்துக்கு வறுக்காததில் நூல் கட்டினேன். எல்லாம் ஒரே பானையில்.

ஆறாவது மணியில் குத்தியபோது முள் கொஞ்சம் தடைபட்டது. ஏழாவதில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. எலும்பைப் பிடித்துத் தூக்கினேன், எலும்பு மட்டும் சுத்தமாகக் கையோடு வந்தது.

நூலை அவிழ்த்துவிட்டுப் பரிமாறினேன். எது வறுத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கே ஒரு துண்டில் சந்தேகம். வறுத்த மணம் முழுக்கச் சாஸுக்குள் கரைந்து எல்லாத் துண்டுக்கும் பங்கு போய்விட்டது. ஆகவே ஜனவரி 18இல் அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதித் துண்டுகளை வறுத்தால் போதும். ஆனால் வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பொருக்கை விட்டுவிடாதீர்கள். சூட்டோடு சூடாக அந்த இரண்டு கரண்டி வினிகரை ஊற்றிச் சுரண்டி எடுத்துப் பானையில் சேருங்கள். அந்தப் பொருக்கில்தான் பாதி ருசி.

சாஸ் அளவிலும் திருத்தம். ஜனவரி 16இல் கேட்டவர் சரி, நான் தப்பு. வற்றவைத்த பிறகு இனிப்பு தூக்கலாகி மிட்டாய் போல ஒட்டியது. பிரவுன் சுகரை இரண்டு மேசைக்கரண்டியாகக் குறைத்துவிட்டேன். வினிகரில் ஒரு கரண்டி தனியாக எடுத்துவைத்து, இறக்கும்போது ஊற்றுகிறேன். ஏழு மணி நேரத்தில் அதன் வீரியமெல்லாம் மழுங்கிவிடுகிறது, கடைசிக் கரண்டிதான் இனிப்பை அடக்குகிறது.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். ஃப்ரீசரில் இன்னும் பன்னிரண்டு முதுகுக்கறி சாப்ஸ் கிடக்கின்றனவாம், தூக்கியா போடுவது என்கிறார்.

வேண்டாம். சாஸை மட்டும் குக்கரில் போடுங்கள்: வெங்காயம் இரண்டு, பூண்டு, மற்றதெல்லாம், முக்கால் கப் தண்ணீர் அல்லது எலும்பு சூப். இங்கே மட்டும் தண்ணீர் வேண்டும், ஏனென்றால் தண்ணீர் விட அங்கே கறி இல்லை. 'லோ'வில் ஐந்தாறு மணி நேரத்தில் வெங்காயம் குழைந்து ஜாம் மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு வந்து, உருகிய சாப்ஸைச் சூடான வாணலியில் புரட்டிப் புரட்டி எட்டுப் பத்து நிமிஷம், நடு 63. மூன்று நிமிஷம் ஆறவிட்டுச் சாஸில் புரட்டுங்கள். இது ஸ்லோ குக்கர் சாப்ஸே இல்லை, ஏமாற்று வேலை என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும்.

பிப்ரவரி 10

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான ஆழமில்லாத பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருந்தது. கத்தி முனையால் நெம்பினால் தட்டு மாதிரி முழுதாக வந்தது. அடியில் சாஸ் ஜெல்லியாக ஆடிக்கொண்டிருந்தது. சூடாக்கக் குக்கர் வேண்டாம், ரொம்ப மெதுவாகச் சூடாகும். அடுப்பில் மூடி போட்டு ஆவி பறக்கச் சூடாக்கினேன். நேற்றைவிட இன்று நன்றாக இருந்தது. பன்னிரண்டு சாப்ஸ்காரர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. வாணலியா, குக்கரா, எழுதுங்கள்.